பேச்சிராஜா சொன்ன முட்டி

பம்பாய்ச் செம்பூரில் ஓர் ஏழு மாடிக் கட்டடத்தில் பேச்சிராஜா லிப்ட்மேன். லிப்டுக்குள் அவருக்கு ஒரு ஸ்டூல், ஒரு சின்ன மின்விசிறி. எதிர்ச் சுவரில் சொசைட்டி செக்ரட்டரி கையெழுத்துப் போட்ட நோட்டீஸ்: ‘லிப்ட்மேனிடம் பேச வேண்டாம்.’ பார்க்கிறவர்களுக்கு அது குடியிருப்பவர்களுக்குச் சொன்னது போலத் தெரியும். உண்மையில் அது அவருடைய வாய்க்குப் போட்ட பூட்டு.

நோட்டீஸ் வந்ததற்குக் காரணம் மூன்றாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடந்த ஈரத்துணிச் சண்டை. மேலே காயப்போட்ட புடவை கீழே பிசைந்து வைத்த அப்பளத்து மாவில் சொட்டியதோ என்னவோ, இரண்டு அம்மாக்களும் படிக்கட்டில் நின்று ஒரு காலைப்பொழுது முழுக்க மோதிக்கொண்டார்கள். பேச்சிராஜா அதை லிப்டில் ஏறிய ஒவ்வொருவருக்கும் ரவுண்டு வாரியாக விவரித்தார். முதல் ரவுண்டு மூன்றாம் மாடிக்கு, இரண்டாவதில் ஐந்தாம் மாடி நல்ல எதிரடி கொடுத்தது, கடைசியில் பாயிண்டில் மூன்றாம் மாடி ஜெயித்தது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, லிப்டுக்குள் நின்றிருந்தது ஐந்தாம் மாடியின் கணவர்.

அன்று முதல் பகல் முழுவதும் அவர் வாய் திறப்பதில்லை. பித்தான்களை அமுக்குவார். கதவைச் சாத்துவார். சேர்ந்த சொற்களையெல்லாம் மூட்டையாகக் கட்டிக்கொண்டு மாலையில் தாராவிக்கு வந்து, எங்கள் சந்தில் தன் அறையின் பரண் படிக்கட்டில் உட்கார்ந்து, போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்து அவிழ்ப்பார். கம்பிக் கூண்டுக்குள் இரண்டு பேர் கையாலும் காலாலும் மோதிக்கொள்கிற கூண்டுச் சண்டையைப் பற்றித் தமிழில் பேசுகிற அவருடைய சானலை இலங்கையிலும் சவூதியிலும்கூடப் பார்க்கிறார்கள்.

பேச்சிராஜா என்பது பேச்சியம்மன் பேரில் வைத்த பெயர். சானல் தொடங்கிய அன்று பெயரைத் தட்டியது மகள் கீதா. பம்பாயிலேயே பிறந்தவள், தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பவள். ‘பேச்சு ராஜா’ என்று தட்டிவிட்டாள். யாரும் பெயரைத் திருத்தவில்லை. பெயர்தான் மெல்ல ஆளைத் திருத்திக்கொண்டது.

அவர் வாழ்நாளில் யாரையும் அடித்தவர் இல்லை. அடிபட்டதும் ஒரே முறைதான், தாதர் ஸ்டேஷனில், இறங்குகிற கூட்டத்தின் முழங்கையில். ஆனாலும் அமெரிக்காவில் சண்டை போடுகிற ஆறடி ஆட்களை அவர் விட்டுவைத்ததில்லை. “இவன் கால தூக்கி மிதிக்கதுக்குள்ள நான் ஏழாம் மாடி போயிட்டு வந்துருவேன்” என்பார். தோற்பான் என்று அவர் சொன்னவன் ஜெயித்துவிட்டால், ஜெயித்தது தப்பு என்று ஒரு வீடியோ போடுவார். சொன்னதை எந்தக் காலத்திலும் திரும்ப வாங்கியதில்லை. யாராவது கேட்டால், லிப்ட்டுதான் மேலயும் போகும் கீழயும் வரும், எம் பேச்சு மேலதான் போகும் என்பார்.

அவருக்கு ஓர் ஆசை உண்டு. கோட்டுப் போட்டுக் கூண்டுக்கு நடுவில் நின்று, மைக் பிடித்து, சண்டைக்காரன் பெயரை இழுத்து இழுத்து அறிவிக்க வேண்டும். அந்த மைக் சிராஜ் கையில் இருந்தது.

சிராஜ், தோல் கிடங்குக்கு மேலே ஜிம் நடத்துகிறவர். வீட்டில் மேலப்பாளையத்துத் தமிழ், வெளியில் பம்பாய் இந்தி, ஆள் பார்த்து இரண்டையும் கலப்பார். ‘தாராவி தூஃபான்’, அதாவது தாராவிப் புயல், என்று ஒரு கூண்டுச் சண்டை நிகழ்ச்சியைக் கல்யாண மண்டபத்தில் நடத்தினார். கூண்டைச் செய்தவர் ஜன்னல் கிரில் செய்கிறவர். அதனால் நாலு பக்கமும் தாமரைப்பூ டிசைன். கேமராவுக்கு வந்தவர் கல்யாண வீடியோ எடுக்கிறவர். படத்தை ஏதோ ஓர் ஆப்புக்குப் பேசி விற்றிருந்ததால், கூண்டை யாரும் போனில் எடுக்கக் கூடாது என்று சிராஜ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பேச்சிராஜாவுக்கு மட்டும் ஒரு சலுகை: ஓரத்தில் உட்கார்ந்து, போனைத் தன் முகத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டு, வாயால் மட்டும் சொல்லலாம். “கூண்டு தெரியக் கூடாது ராஜா பாய். நீங்க தெரிஞ்சா பரவால்ல, யாரும் காசு குடுக்க மாட்டான்.”

முக்கியமான சண்டை ரிஜோவுக்கும் ஜாய்க்கும். ரிஜோ எங்களை ஒட்டியிருக்கிற மாட்டுங்கா லேபர் கேம்ப் சகாயராணியின் மகன். பேசச் சொன்னால் செருப்பைப் பார்ப்பான், சண்டைக்கு விட்டால் அசையாமல் எதிராளியின் கண்ணைப் பார்ப்பான். செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவனுக்கு விளையாட்டு மாஸ்டர் வேலை கிட்டத்தட்ட உறுதியாகியிருந்தது. பிரின்சிபால் ஃபாதர் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டார், சேர வேண்டியதுதான் பாக்கி. சகாயராணி அவனுக்கு இரண்டு காலர் பனியனும் விசிலும் வாங்கி வைத்திருந்தாள். ஜாய் நெருளில் இருந்து வந்தவன், ரிஜோவைவிட அகலம்.

இரண்டாவது ரவுண்டில் ரிஜோ ஜாயைக் கீழே தள்ளி, மார்பில் ஏறி உட்கார்ந்து, கையை மடக்கிக் குத்தினான். ரெஃபரி நடுவில் பாய்ந்து நிறுத்தினார். முறையான வெற்றி. மண்டபத்தில் இருந்த எல்லாரும் பார்த்தோம்.

உலகம் பார்த்தது வேறு. வேர்த்த ஒரு முகமும் அதிலிருந்து வந்த சொற்களும்தான்.

“கீழ போட்டுட்டான். ஏறி உக்காந்துட்டான். முட்டியாலயே குடுக்கான் மூஞ்சில. முட்டி. இன்னொரு முட்டி. ஏ யப்பா, என்னா முட்டி.”

எங்கள் தாராவியில் காலை மடக்குகிற இடம் முட்டு. அது திருநெல்வேலியில் இருந்து ரயிலேறி வந்த சொல். விரல்களை மடக்கினால் வருவது முட்டி. அது பம்பாயில் ஏறிக்கொண்டது, இந்தியில் இருந்து. இரண்டும் ஒரே வாயில் ஐம்பது வருடமாகச் சண்டையில்லாமல் குடியிருந்தன. தமிழ்நாட்டில் பாதிப்பேருக்கு முட்டி என்றால் முழங்கால் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. கூண்டுச் சண்டையில் கீழே கிடப்பவன் முகத்தில் கையால் குத்தலாம். முழங்காலால் இடித்தால் மன்னிப்பே இல்லாத குற்றம்.

மறுநாள் காலையில் கமெண்டுகள் வர ஆரம்பித்தன. விழுந்தவன் மூஞ்சியில் முட்டியால் அடித்தவனுக்கு வெற்றியா, தாராவியில் சட்டமே கிடையாதா, அதை ரசித்துச் சொல்கிற கிழவன் மனிதனா. கோயம்புத்தூரில் பெரிய சானல் வைத்திருக்கிற ஒருவர், சண்டையைப் பார்க்காமலேயே அதைப் பற்றி அரை மணி நேரம் கண் கலங்கப் பேசினார்.

சிராஜின் வீடியோவைக் காட்டினால் முடிந்திருக்கும். ஆனால் ரிஜோ குத்திய அந்த நேரத்தில்தான் மேடையில் பிரமுகர் ஒருவருக்குச் சால்வை போர்த்தினார்கள். கல்யாண வீடியோக்காரருக்குப் பழக்கம், சால்வையைக் கண்டதும் கேமரா தானாகத் திரும்பிவிட்டது. அது முடிந்து வீடியோவில் ரோஜா இதழ்கள் உதிர்கின்றன, ஓர் இதய வடிவம் விரிகிறது, அதற்குள் ரிஜோ கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். ரெஃபரி மணிப்பூர்க்காரர், ஊருக்கு ரயிலேறிவிட்டார். அடிவாங்கிய ஜாய்க்கு அந்த ரவுண்டே நினைவில்லை. பேச்சிராஜா அண்ணாச்சி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நெருளில் இருந்து ஒரு வரி எழுதினான்.

பேச்சிராஜா கமெண்டுகளைப் படித்துவிட்டுச் சிரித்தார். குத்துச் சண்டையில் குத்தக் கூடாது என்கிறார்களே, இவர்கள் ஊரில் தடவிக்கொடுத்துத்தான் சண்டை போடுவார்களா என்று டீக்கடை வரை வந்து கேட்டார். டீக்கடையும் சிரித்தது. அன்று மாலையே பதில் வீடியோ போட்டார்.

“முட்டியால அடிக்காம வாழப்பழத்தாலயா அடிப்பாங்க? எங்க பயலுவ எல்லாரும் முட்டியாலதான் அடிப்பாங்க. சின்னப் புள்ளையில இருந்து அதுதான் பழக்கம். நாளைக்கும் அடிப்பாங்க.”

அவர் வீடியோக்களில் அதிகம் பேர் பார்த்தது அதுதான்.

பார்த்தவர்களில் பிரின்சிபால் ஃபாதரும் ஒருவர். அவர் வேலூர்க்காரர். ரிஜோவைக் கூப்பிட்டு, சேருவதைக் கொஞ்சம் தள்ளி வைப்போம் என்றார். ரிஜோ செருப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். எதற்கு என்று சகாயராணிதான் போய்க் கேட்டாள். விழுந்தவனை அப்படி அடிக்கிறவன் கையில் பிள்ளைகளை எப்படி விடுவது, நான் வேறு ஆள் பார்க்கிறேன், திங்கட்கிழமை முடிவு சொல்கிறேன் என்றாராம்.

சகாயராணி பேச்சிராஜாவின் வாசலில் வந்து நின்றாள். உள்ளே இடமில்லாததால் எங்கள் சந்தில் எல்லாப் பேச்சும் வாசலில்தான்.

“அண்ணாச்சி, எம் மவன் முறையா ஜெயிச்சான்னு நீங்க சொல்லணும்.”

“அதத்தான தாயி ரெண்டு வீடியோவா சொல்லிக்கிட்டிருக்கேன்.”

“சொல்லச் சொல்லத்தான் அவனுக்கு வேல போவுது.”

“அப்ப இன்னும் சத்தமாச் சொல்லணும்.”

சத்தமாகச் சொன்னார். மூன்றாவது வீடியோவில் வாக்கியத்துக்கு ஒரு முட்டி வந்தது. ரிஜோவின் முட்டி சாதாரண முட்டி இல்லை, இரும்பு முட்டி, அந்த முட்டியால் அவன் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கப் போகிறான் என்று முடித்தார். ஃபாதர் அதையும் பார்த்தார்.

சிராஜ் மட்டும் மலர்ந்துபோய் வந்தார். நெருளில் ரிஜோவுக்கும் ஜாய்க்கும் மறுபடி சண்டை, போஸ்டர் அடிக்கக் கொடுத்தாயிற்று, டிக்கெட் கேட்டு கோவண்டியில் இருந்தெல்லாம் போன் வருகிறது. விளம்பரத்துக்குச் செலவே இல்லை. “இந்த மாதிரி மாஹோல், இந்தச் சூடு, காசு குடுத்தாலும் வராது ராஜா பாய். நெருள்ல மைக் உங்களுது. கோட்டுக்கு அளவு குடுத்துருங்க.”

பேச்சிராஜா மறுநாளே அளவு கொடுத்தார். தோள்பட்டையில் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும், கையைத் தூக்கிப் பேச வேண்டியிருக்கும் என்று தையற்காரரிடம் சொன்னார்.

வியாழக்கிழமை காலை, ஆறாம் மாடி ராஜலக்ஷ்மி மாமி ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பினார். மாட்டுங்காவில் இருந்து செம்பூருக்குக் குடிவந்து பல வருடம் ஆனவர். நோட்டீஸை மதிக்காமல் லிப்டில் பேசுகிற ஒரே ஆள். நாலு கால் வாக்கரைப் பிடித்தபடி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு, கேட்காமலே சொன்னார்.

“முட்டி ஆபரேஷன் ஆச்சுப்பா. ரெண்டு முட்டியும் மாத்திட்டா.”

பேச்சிராஜா மாமியின் கைகளைப் பார்த்தார். வாக்கரை இறுக்கிப் பிடித்திருந்தன. இரண்டும் பழைய கைகள்தான், அதே வளையல். கைகளில் இருந்து மாமியின் முகத்துக்குப் போய், மறுபடி கைகளுக்கு வந்தார். பிறகு நோட்டீஸ் வந்த நாளில் இருந்து அந்த லிப்டில் பேசாத மனிதர் வாயைத் திறந்தார்.

“எந்த முட்டி மாமி?”

“எந்த முட்டின்னா? மனுஷாளுக்கு எத்தனை முட்டி இருக்கு?” மாமி வாக்கரில் இருந்து ஒரு கையை எடுத்து, புடவைக்கு மேலே தொட்டுக் காட்டினார். “இது. இதுவும். நடக்கறதுக்கு வேண்டாமா?”

லிப்ட் ஆறாம் மாடியைத் தாண்டி ஏழுக்குப் போய், தானாகக் கீழே இறங்கத் தொடங்கியது. பேச்சிராஜா மாமியின் புடவையில் கை பட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சினிமாவில் ரௌடிகள் ‘முட்டியப் பேத்துருவேன்’ என்று சொல்லும்போதெல்லாம், எதிராளி குத்த முடியாதபடி கைவிரலை உடைப்பதாகத்தான் அவர் நினைத்திருந்தார். நல்ல யோசனை என்றுகூடத் தோன்றியிருக்கிறது. இப்போது பார்த்த படமெல்லாம் தலைகீழாக மனதில் ஓடியது. அதற்குப் பின்னால் தன் மூன்று வீடியோக்கள் ஓடின. ‘எங்க பயலுவ எல்லாரும் முட்டியாலதான்’ என்ற இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

மாமியை இரண்டாம் தடவை ஆறாம் மாடிக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சிராஜுக்குப் போன் போட்டார். விஷயத்தைச் சொன்னதும் சிராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது போனிலேயே தெரிந்ததாம். சிரிப்பு அடங்கியதும் குரல் வியாபாரத்துக்குத் திரும்பியது. நெருள் சண்டை முடியும் வரை மூச்சு விடக் கூடாது. முடிந்த மறுநாள் உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம், அதற்கும் ஒரு கூட்டம் வரும். இப்போதே சொல்லிவிட்டால் யார் வருவான்? “சொல்லிட்டீங்கன்னா மைக் வேற ஆளுக்கு, ராஜா பாய். தப்பா நெனைக்காதீங்க. தந்தா ஹை.” தொழில் என்றால் தொழில்தான்.

அன்று மாலை போன் அரிசி டப்பாவில் ஏறவில்லை. மறுநாளும் இல்லை. சந்தில் அந்த நேரத்துக்கு ஒரு பள்ளம் விழுந்தது போல இருந்தது. பக்கத்து அறைக்காரர்கள் தங்கள் டிவியின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள், அது அத்தனை சத்தமாக இருப்பது அவர்களுக்கே அன்றுதான் தெரிந்தது. மனைவி செண்பகவல்லி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவர் நெற்றியைக் கொடுத்தார், காரணத்தையும் சொன்னார்.

செண்பகவல்லி எதற்கும் குரலை உயர்த்துகிறவள் இல்லை. அந்த வீட்டில் இருந்த ஒரே குரலை அவர் எடுத்துக்கொண்டிருந்தார். “அப்ப சொல்லிர வேண்டியதுதான?” என்றாள்.

“சொன்னா மைக்கு போயிரும்.”

“அவனுக்கு வேல போயிரும்.”

“நான் எப்பவாது தப்புன்னு சொல்லிருக்கனா? அந்தக் கோயம்புத்தூர்க்காரன் இத வச்சே ஆறு மாசம் சாப்பிடுவான்.”

“சாப்பிடட்டும். நீங்க திங்கட்கிழம அந்தப் பொம்பளைக்கி எப்படி மூஞ்சி காட்டுவீங்க? அவ தினமும் போற வழி இந்தச் சந்துதான்.”

ஞாயிற்றுக்கிழமை மாலை, மாதா கோயில் பூசை முடிந்து சகாயராணி நேரே அங்கே வந்தாள். பின்னால் ரிஜோ, செருப்பைப் பார்த்தபடி. நாளைக்கு ஃபாதர் வேறு ஒரு பையனை வரச்சொல்லியிருக்கிறார் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றாள். திட்டியிருந்தால் பேச்சிராஜா சமாளித்திருப்பார். பேச்சுக்குப் பதில் அவரிடம் எப்போதும் உண்டு. பேசாமல் நிற்பதற்கு என்ன பதில் என்று அவருக்குத் தெரியாது. ரிஜோவின் கையில், அம்மா வாங்கிய விசிலின் கயிறு சுற்றியிருந்தது. அவன் அதை மாட்டிக்கொள்ளவும் இல்லை, பையில் போடவும் இல்லை.

பேச்சிராஜா எழுந்து போனை எடுத்து அரிசி டப்பாவில் சாய்த்தார். லைவ் போட்டார். ஃபாதருக்கு அனுப்பு என்று ரிஜோவிடம் சொன்னார்.

விஷயத்துக்கு வர அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. முதலில் சால்வையைக் கண்டு திரும்பிய கேமராக்காரரைத் திட்டினார். பிறகு பார்க்காத சண்டைக்குக் கண் கலங்கிய கோயம்புத்தூரைத் திட்டினார். பிறகு கூட்டம் வருகிறதென்று உண்மையை மூடி வைக்கச் சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள் என்று, பெயர் சொல்லாமல், ஜிம்மின் முகவரியை மட்டும் சொல்லி, சிராஜைத் திட்டினார். நெருள் மைக் கைநழுவிப் போனது அந்த இடத்தில்தான். அடுத்து தமிழையே பிடித்துக்கொண்டார். ஒடம்பு ஒண்ணு, அதுல ஒரு எலும்புக்கு ஊருக்கு ஒரு பேரு வச்சா மனுசன் வாயி என்ன செய்யும் என்றார். சகாயராணி கையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். அவர் அடிக்கடி அவளைப் பார்த்தார். அவள் போதும் என்று சொல்வதாக இல்லை.

கடைசியில் கையை மடக்கி கேமராவுக்குக் காட்டினார். இதைத்தான் நாங்கள் முட்டி என்போம் என்றார். குனிந்து முழங்காலைத் தட்டினார், அது படத்தில் தெரியாததால் ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்று தட்டினார். இது எங்களுக்கு முட்டு, உங்களுக்கு முட்டி. ரிஜோ அடித்தது கையால். பிறகு குரல் இறங்கி, தொண்டையைச் சொறிந்துகொண்டு, பாதியைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு சொன்னார்:

“தப்பு… எம் மேலதான்.”

உடனே கீழே கமெண்டுகள் ஏறின. கீதா எழுத்துக்கூட்டிப் படித்தாள். “ஆ-டி-யோ… வர-லை. அப்பா, ஆடியோ வரலையாம். கடைசில என்ன சொன்னீங்கன்னு கேக்காங்க.”

“அது கேட்டவங்களுக்குக் கேட்டுருக்கும்.”

“யாருக்குமே கேக்கலையாம். ஃபாதரும் எழுதிருக்காரு. திரும்பச் சொல்லுங்கன்னு.”

பேச்சிராஜா மறுபடி சொன்னார். மறுபடியும் கேட்கவில்லை என்றார்கள். கேட்டவர்களும் சேர்ந்துகொண்டு கேட்கவில்லை என்று எழுதுகிறார்கள் என்பது எங்களுக்குப் புரிந்தது. அவருக்கும் புரிந்திருக்கும். ஒரு கணம் போனை அணைக்கப் போவது போலக் கையை நீட்டினார். வாசலைப் பார்த்தார். நீட்டிய கையை மேலே தூக்கி, கூண்டுக்கு நடுவில் நிற்கிறவர் போலக் காலை அகட்டி வைத்து, அடிவயிற்றில் இருந்து இழுத்தார்.

“லேபர் கேம்ப் சகாயராணி மவன் ரிஜோ… கையால அடிச்சு… முறையா ஜெயிச்சான். தப்பாச் சொன்னது… பேச்சி… ராஜாஆஆ.”

நைன்டி ஃபீட் ரோடு வரை கேட்டதாகச் சொல்கிறார்கள். டீக்கடையில் யாரோ கை தட்டினார்கள். ரிஜோ முதல் தடவையாகச் செருப்பில் இருந்து தலையைத் தூக்கினான்.

அதன்பின் அவரை நிறுத்துவதுதான் பெரும்பாடாகிவிட்டது. தப்பு என்ற சொல் வாயில் பழகியதும் அவருக்குப் பிடித்துப் போயிற்று. போன வருடம் தோற்பான் என்று சொல்லி ஜெயித்த ஆள், அதற்கு முந்தைய ஆள் என்று ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பின்னால் போனார். கல்யாணமான புதிதில் செண்பகவல்லியின் சமையலைப் பற்றித் தன் அக்காவிடம் சொன்ன ஒன்றுக்கு வந்தபோது, செண்பகவல்லி போனை எடுத்து அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

திங்கட்கிழமை ஃபாதர் ரிஜோவைக் கூப்பிட்டு எதிரில் நிறுத்தினார். தன் முழங்காலைத் தொட்டு, இது என்ன என்று கேட்டார். “முட்டு, ஃபாதர்.” கையை மடக்கிக் காட்டினார். “முட்டி, ஃபாதர்.” வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகள் என்ன சொல்லும், அதைக் கேட்டு எந்த ஊர்ப் பெற்றோர் என்ன நினைப்பார்கள் என்று கணக்குப் போட்டிருப்பார்.

“இன்னிக்கே சேர்ந்துக்கோ” என்றார். “ஆனா பசங்க முன்னாடி ரெண்டையும் சொல்லாதே. விரலை நீட்டிக் காட்டு, போதும்.”